சுக்கான் பிடித்த அண்ணை

டென்மார்க்காரருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. வீட்டில் சுடுதண்ணீர், மெத்தைக் கட்டில், ஹீற்றர் எல்லாம் வைத்துக்கொண்டு, விடுமுறை வந்தால் இவை ஒன்றுமில்லாத இடமாகத் தேடிப் போவார்கள். நாங்கள் எந்தச் சீவியத்தை விட்டு ஓடிவந்தோமோ, அதையே அவர்கள் பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். எங்களுக்கு டேனிஷ் படிப்பித்த ரீச்சரும் அவருடைய கணவரும் அதற்கென்றே ஒரு பாய்ப்படகு வைத்திருந்தார்கள். உள்ளே ஐந்து பேர் படுக்கலாம். ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்ற நால்வரும் திரும்ப வேண்டும். கழிப்பறை என்று ஒரு பெட்டி இருந்தது. ஆள் உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் நடந்தது இது. ஒடென்சே நகரில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூத்தவர் அண்ணை. ஊரில் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். இங்கே பகலில் தொழிற்சாலையில் போத்தல் அடுக்கினாலும், பின்னேரத்தில் அவருக்குக் கந்தோர் முகம் திரும்ப வந்துவிடும். அடுத்தவன் என் வயதுக் கூட்டாளி, அண்மையில்தான் ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கியிருந்தான். மூன்றாவது நான், வேலை முடிந்து வந்தால் வீட்டுச் சமையல்காரன்.

அந்த வீட்டுக்கு நான் வந்த முதல் நாளே அண்ணை என்னை விசாரித்தார். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்த விசாரணையை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் கேள்வி, ஊரில் எவடம். அதற்குப் பதில் சொன்னால், அதில் எந்தப் பக்கம். பிறகு எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடம், பக்கத்து வீடு ஆருடையது. சாதி என்ற சொல் ஒருதரமும் வாயில் வராது. ஐந்தாவது கேள்வியில் உங்கள் பாட்டன் என்ன தொழில் செய்தார் என்பது கேட்டவருக்குத் தெரிந்துவிடும். டேனிஷ் பொலிஸ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு நாலு மணித்தியாலம் என்னிடம் கேட்டும் அறியாத விஷயம் அது.

"தம்பி ஊரிலை எவடம்?"

"டவுனடி அண்ணை. பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட."

"அப்பா?"

"கடையிலை நிக்கிறவர்."

இரண்டும் பொய். என் அப்பா கடற்றொழிலாளி. எங்கள் வீட்டு வாசலில் இறங்கினால் மணல், மணலில் வள்ளம். மற்றவர்கள் இயந்திரம் பூட்டிய பிறகும் அப்பா பாயை விடவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து நான் அவரோடு கடலுக்குப் போனவன். ஏன் பொய் சொன்னேன் என்றால், அந்த விசாரணைக்குச் சற்று முன்னர்தான் அண்ணை எனக்குக் குசினியைக் காட்டினார்.

"எல்லாம் புதுச் சட்டியள். முந்தி இருந்த பெடியன் கரைப்பக்கத்து ஆள். நான் விசாரிக்காமல் விட்டிட்டன். பிறகுதான் தெரிஞ்சுது. ஆளை அனுப்பிப்போட்டுச் சட்டி பானை எல்லாத்தையும் எறிஞ்சிட்டு வாங்கினனான்."

எனக்கு அந்த நேரத்தில் போக வேறு வீடு இல்லை. அதனால் டவுனடியில் பிறந்தேன். ஒன்றரை வருடம் அந்தச் சட்டிகளில் சமைத்தேன். நான் டோர்ஸ்க் மீனைச் செதிள் தட்டி, குடல் எடுத்து, துண்டு போடும் வேகத்தைப் பார்த்து அண்ணை கூட்டாளியிடம் சொல்வார்: "பாரும், கடை வழிய வளந்த பிள்ளையள் எல்லாத்திலையும் கெட்டி." குழம்பை வழித்து வழித்துச் சாப்பிடுவார். எனக்குச் சிரிப்பு வரும். சில நாட்களில் வராது.

இப்படி இருக்கையில்தான் ரீச்சர் எங்களை மூன்று நாள் படகுப் பயணத்துக்கு அழைத்தார். ஸ்வென்போர்க்கிலிருந்து புறப்பட்டு, தெற்கே உள்ள சின்னச் சின்னத் தீவுகளுக்குப் போய் வரலாம், டேனிஷும் திருந்தும் என்றார். அதோடு ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் தீவிலிருந்து வந்தவர்கள்தானே, பாய்ப்படகு ஓட்டத் தெரியுமா?

அண்ணை நிமிர்ந்து இருந்தார். தெரியும் என்றார். சின்ன வயதிலிருந்தே தெரியும், அப்பாவுக்கு இரண்டு படகுகள் இருந்தன என்றார்.

நான் டேனிஷ் பாடக் கொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அண்ணை வாழ்க்கையில் ஒருமுறைதான் கடலில் போனவர், நயினாதீவு அம்மன் கோயிலுக்கு. அதுவும் போகும்போதும் வரும்போதும் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தவர். அவரே சொன்ன கதை. வெள்ளைக்காரருக்கு முன்னால் கடல் அவருக்குக் கௌரவமாகிவிட்டது. குசினிக்குள் அது தீட்டு. என் அப்பாவின் தொழிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இவர் அதை எடுத்துத் தன் அப்பாவுக்குச் சூட்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல.

குறித்த நாளில் அண்ணை கோட்டும் தோல் சப்பாத்துமாகத் துறைக்கு வந்தார். ரீச்சரின் கணவர் வெறுங்காலோடு நின்றார். சப்பாத்து, படகின் மேல்தட்டைக் கீறும் என்று கழற்றச் சொன்னார். அண்ணையின் இடது பெருவிரல் காலுறைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. மூன்று நாளைக்குப் புட்டும் இறைச்சிக் கறியும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். டேனிஷ்காரர் பாணும் சீஸும் கொண்டுவந்திருந்தார்கள். முதல் நாள் மத்தியானத்துக்குள் எங்கள் இறைச்சிக் கறி அவர்கள் வயிற்றில், அவர்கள் பாண் எங்கள் கையில்.

முதல் நாள் காற்று மெல்லியது. தீவுகள் என்று அவர்கள் சொன்னவை கடலில் கிடந்த புல்வெளிகள். நாலு மாடு, ஒரு தேவாலயம், வேலியில் பழுத்துத் தொங்கும் பிளம்ஸ். ஒவ்வொன்றையும் கண்டு ரீச்சர் புதிதாகக் கண்டதுபோல் மகிழ்ந்தார். எனக்கு வேறு ஒரு வேலை இருந்தது. பயந்தவனாக நடிக்க வேண்டும். கணவர் கயிற்றை இழுத்துப் பாய் காற்றைப் பிடித்து நிமிர்ந்தபோது எழுந்த அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் போய் நின்றது. ஒன்றரை வருடத்தில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஆனாலும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, படகு சரியும்போதெல்லாம் ஐயோ என்றேன். கைகள் சும்மா இருக்க மறுத்தன. அவற்றைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்தேன்.

இரண்டாம் நாள் ஏரோ தீவுக்குப் புறப்பட்டோம். காற்று பின்னாலிருந்து வந்தது, நேற்றையதைவிடப் பலமாக. பாய் ஒரு பக்கம் முழுவதாக விரிந்திருந்தது. படகு ஓட்டத் தெரியாதவர்களுக்கு இது சுகமான ஓட்டமாகத் தெரியும். உண்மையில் இதுதான் ஆளைக் கொல்லும் ஓட்டம். சுக்கான் கொஞ்சம் பிசகினால் காற்று பாயின் மறுபக்கத்தில் ஏறும். பாயின் அடியில் கட்டியிருக்கும் மரம் படகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசி அடிக்கும். வழியில் தலை இருந்தால் தலை போகும்.

ரீச்சரின் கணவர் கோப்பி போடக் கீழே இறங்கினார். இறங்குமுன், இரண்டு படகு வைத்திருந்தவரின் மகனாகிய அண்ணையைக் கூப்பிட்டுச் சுக்கான் பிடியைக் கையில் கொடுத்தார். அண்ணை வாங்கிக்கொண்டார். முகம் ஏற்கெனவே வெளிறியிருந்தது. ஆனால் ரீச்சர் எதிரே இருந்தார், அண்ணைக்குக் கதை வந்துவிட்டது. அப்பாவோடு புயலில் போன கதை. அலை எவ்வளவு உயரம் என்று காட்ட, சுக்கான் பிடித்த கையையே பயன்படுத்தினார்.

பாயின் ஓரம் நடுங்குவதைக் கண்டேன். இன்னும் இரண்டு மூன்று மூச்சில் மரம் திரும்பும். ரீச்சர் இதற்குள் எழுந்து அதன் வழியில் நின்று, நீர்ப்பாசி பிடித்த ஒரு மிதவையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்கத்தோடு சொல்கிறேன், நான் ஒரு மூச்சு யோசித்தேன். சத்தம் போட்டால் பிடிபட்டுவிடுவேன். வீடு போகும், சட்டிகள் குப்பைக்குப் போகும், ஒடென்சேத் தமிழர் எல்லோருக்கும் தெரியவரும். ஒரு பெண்ணின் மண்டையையும் இதையும் நான் ஒரு மூச்சு நிறுத்துப் பார்த்தேன்.

பிறகு என் வாயிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"குனியடா! சுக்கானை விடடா!"

ரீச்சரின் தோளைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அண்ணையைக் காலால் தள்ளிவிட்டுச் சுக்கானைப் பிடித்தேன். மரம் எங்கள் தலைக்கு மேலால் போய் மறுபக்கத்தில் அடித்து நின்றது. படகு கீழிருந்து மேல்வரை அதிர்ந்தது. அண்ணையின் தொப்பி கடலில் போனது. கூட்டாளி இரண்டு கையையும் உயர்த்தி உரத்த குரலில் ஜெபிக்கத் தொடங்கினான். அண்ணை தட்டில் குப்புறக் கிடந்தபடி முருகனைக் கூப்பிட்டார், பிறகு சத்தி எடுத்தார். ரீச்சர் எழுந்து உட்கார்ந்து, இருவர் கூப்பிட்டதையும் கேட்டுவிட்டு, இது உங்கள் ஊர் மாலுமிகளின் பாட்டா என்று என்னிடம் கேட்டார்.

கணவர் சட்டையில் கொட்டிய கோப்பியோடு மேலே வந்தார். என் ஒரு கை சுக்கானில், மறு கை தானாகவே கயிற்றை இழுத்துப் பாயைச் சரிசெய்துகொண்டிருந்தது. சற்று நேரம் பார்த்தார். சுக்கானைத் திருப்பிக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து புகையிலைச் சுங்கானைப் பற்ற வைத்தார். ஏரோத் துறைமுகம் வரைக்கும் நானே ஓட்டினேன்.

துறையில் கட்டிய பிறகு அவர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார், இதை எங்கே படித்தாய் என்று. நான் வாய் திறக்கமுன் அண்ணை முந்திக்கொண்டார். கோட்டில் சத்திக் கறையோடு, தன்னுடைய உடைந்த டேனிஷில் சொன்னார்: இவனுடைய அப்பா எங்கள் படகில் வேலை செய்தவர்.

ஒன்றரை வருடம் அடக்கியது அப்போது வந்தது. "இல்லை," என்றேன். "இவருடைய அப்பாவிடம் படகு இல்லை. என்னுடைய அப்பாவிடம் உண்டு." ரீச்சர் மகிழ்ந்துபோனார். நான் பிழையில்லாமல் பேசிய முதல் டேனிஷ் வசனம் அதுதானாம்.

ரீச்சரும் கணவரும் நகரம் பார்க்கப் போன பிறகு அண்ணை என்னிடம் வந்தார். உயிர் பிழைத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"நீர் என்னை டா போட்டுக் கதைச்சனீர்."

"ஓம் அண்ணை."

"டவுனடி எண்டெல்லோ சொன்னனீர்."

"ஓம்."

"அப்ப, உண்மையிலை எவடம்?"

"வீட்டை போய்ச் சொல்லுறன்."

ஒடென்சேக்குத் திரும்பியதும் அண்ணை வயிறு சரியில்லை என்றார். நான் சமைத்ததைத் தொடவில்லை. கறுப்புப் பாணை வாங்கிவந்து தன் அறைக்குள் இருந்து சாப்பிட்டார். செங்கல் என்று அவர் திட்டித் தீர்த்த அதே பாண். கூட்டாளி மட்டும் என்னோடு இருந்து சாப்பிட்டான். அவனுக்கு எல்லாம் முன்பே தெரியுமாம். "நீ மீன் வெட்டேக்கை கண் தெரியாதவனுக்கும் விளங்கும் மச்சான்," என்றான். நான் தினமும் வேலையால் வந்து முதலில் சட்டிகள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. அண்ணைக்கு அதில் ஒரு சிக்கல். சட்டியை எறியலாம். ஒன்றரை வருடம் அதில் சாப்பிட்ட வயிற்றை எங்கே எறிவது?

நாலாம் நாள் டோர்ஸ்க் தலையைப் பழப்புளி விட்டுக் காய்ச்சினேன். வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்தேன். சோறு இறக்குவதற்குள் அண்ணை குசினி வாசலில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றார்.

"கொஞ்சம் கிடக்கே?"

"கிடக்கு. எவடம் எண்டு கேட்டனீங்களெல்லோ, முதல் அதைக் கேளுங்கோ."

அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். எந்தக் கரை, எந்த ஒழுங்கை, அப்பாவின் பெயர், அப்பப்பாவின் பெயர், வள்ளம் எந்தத் தென்னைக்குக் கீழே நிற்கும் என்பது வரை. அவர் கோப்பையைப் பார்த்தபடி நின்றார். ஓரிடத்தில், "சரி, விளங்குது," என்றார். நான் நிறுத்தவில்லை. முழுவதையும் சொல்லி முடித்த பிறகே சோற்றைப் போட்டேன்.

சாப்பிட்டார். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த மாதம் வேறு வேலை கிடைத்தது என்று ஹோர்சன்ஸ் நகருக்குப் போய்விட்டார். அங்கே அவர் ஏரோவுக்குப் பாய்ப்படகு ஓட்டிய கதை இன்னும் உலவுகிறதாம். என்னைப் பற்றியும் அதில் வருகிறதாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐயோ என்று கத்தியவனாக.

அது போகட்டும். நான் அந்த வாரமே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். இங்கே ஒரு பாய்ப்படகை ஓட்டினேன் என்று. சண்டையால் கடலுக்குப் போகமுடியாமல் அவருடைய வள்ளம் அப்போது மணலில் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. முழுக்கக் கேள்விகள். காற்று எந்தப் பக்கம், பாய் என்ன துணி, சுக்கான் கைக்குப் பாரமா லேசா. எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுதினேன். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. பாயை இவ்வளவு நல்லாய்ப் பிடிக்கிறாய், ஆரிட்டைப் பழகினாய் எண்டு அந்த வெள்ளைக்காரர் கேட்கேல்லையோ?

கேட்டார்கள், உங்கள் பெயரைச் சொன்னேன் என்று எழுதினேன். அதைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது என்பதை எழுதவில்லை.