கண்ணுக்கும் கர்ப்பப்பைக்கும்

இந்த டச்சுக்காரர் நாட்டில் கண்ணைக் காட்டப் போனால் மாதவிலக்கைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கத்தான் போனேன். கடையில் கண்ணுக்குள் காற்றை ஊதி அழுத்தம் பார்த்த பெண், அதிகமாக இருக்கிறது என்று மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டாள். அங்கே மருத்துவர், "உங்கள் ஓவர்ஹாங் எப்போது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து ஓவர்ஹாங் என்றால் ரயில் பாதையைக் கடக்கிற இடம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்கூட ஒன்று உண்டு. ஸ்டேஷனைத் தாண்டியதும் இடது பக்கம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாதவிலக்கு நிற்பதற்கும் டச்சில் அதே சொல்தான் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். எங்கள் ஊர்ப் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளில் செதுக்கியிருக்கும் பெயர்களை இப்போது என்னால் எழுத்துக்கூட்டி வாசித்துவிட முடியும். எதிரே உட்கார்ந்து பேசுகிறவரைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை.

முப்பத்திரண்டு வயதில் நின்றுவிட்டது என்று சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்தினார். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு எனக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. பொன்னேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கூடவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்தது தையல் பிரிக்கிற அன்றுதான் எனக்குத் தெரியும். "ரெண்டு புள்ள இருக்குதில்ல, இனிமே அது இன்னாத்துக்கு?" என்றார் நர்சம்மா. எனக்கும் அது சரியென்றே பட்டது. அம்மாவுக்கும் இளம் வயதிலேயே கர்ப்பப்பை எடுத்தாயிற்று. ஐம்பது வயதுக்குமேல் அம்மா கரையில் ஏற்றி வைத்த படகுகளில் இடித்துக்கொள்வாள். கவனமில்லை என்று நாங்கள் திட்டுவோம். சென்னைக்கு அழைத்துப்போனபோது கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, இனி மீட்க முடியாது என்றார்கள். கிளாகோமா என்ற கண் அழுத்த நோயின் பெயரை அன்றுதான் முதலில் கேட்டோம்.

எனக்கும் அதுவே தொடங்கியிருக்கிறது என்றார் இந்த மருத்துவர். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கண் நரம்பையும் காக்கலாம், அது சீக்கிரம் நின்றுபோனவர்களுக்கு ஆபத்து கூடலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, அம்மாவுக்கு இருந்ததே பெரிய காரணமாக இருக்கலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் 'லாம்' போட்டுப் பேசினார். பொன்னேரி மருத்துவர் எதையும் 'லாம்' போட்டுச் சொன்னதில்லை. யாரை நம்புவது என்று தெரியாமல் சொட்டு மருந்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் என் தங்கை கஸ்தூரிக்கும் உதிரப்போக்குக்காக அதே அறுவை சிகிச்சை என்பதுதான் என்னை உறுத்தியது. அவள் ஏரிக்கரையில் இறால் ஏலம் எடுக்கிறவள். போனில் நடந்ததைச் சொன்னேன்.

"கண்ணுக்கும் கர்ப்பப்பைக்கும் இன்னாக்கா சம்பந்தம்?"

"இருக்கலாம்னு சொல்றாரு. நிச்சயமில்லையாம்."

"நிச்சயமில்லாதத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஏலத்துல கால் மணி நேரம் நிக்க முடியல. நீ அங்க உக்காந்துக்கினு சொல்ற."

அவள் சொன்னது சரிதான். ஆபரேஷன் வேண்டாமென்று சொல்லவில்லை, சினைப்பை நன்றாக இருந்தால் அதை விட்டுவைக்க முடியுமா என்று மட்டும் கேட்டுப்பார் என்றேன். பிறகு, "அம்மா கண்ணு அதனாலதான் போச்சா?" என்றாள். தெரியல என்றேன்.

அவள் கேட்டிருக்கிறாள். மருத்துவர் முதலில் எரிச்சல்பட்டாராம். பிறகு ஸ்கேனைத் திரும்பப் பார்த்து, சினைப்பைகளில் கோளாறில்லை என்று அவற்றை விட்டுவிட்டு கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார். கஸ்தூரி தேறி ஏலத்துக்குப் போகிறாள். நான் அவளுக்கு நல்லது செய்தேனா, வெறுமே பயமுறுத்தினேனா என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஆறு மாதம் கழித்து எனக்குப் பார்வைப் பரப்பைச் சோதித்தார்கள். பொன்னேரியில் கஸ்தூரி கண் அழுத்தம் பார்க்கப் போயிருந்ததும் அதே நாள், அதே நேரம். ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் உள்ள மஞ்சள் புள்ளியை மட்டுமே பார்க்க வேண்டும், ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். அங்கே கஸ்தூரிக்கு என்ன சொல்கிறார்களோ என்ற நினைப்பில் என் கண் புள்ளியில் நிற்கவில்லை. சோதித்த அம்மையார் கருவியை நிறுத்தினார். "நடுவில் பாருங்கள், நீங்கள் ஓரத்திலேயே தேடுகிறீர்கள்" என்றார். அந்த டச்சு எனக்கு முழுதாகப் புரிந்தது. முகத்தை மறுபடி உள்ளே வைத்தேன். புள்ளியைப் பார்த்தேன். ஓரத்தில் ஏதோ மின்னியது போலிருந்தது, அழுத்தினேன். வெளிச்சம் வந்ததா, வரும் என்று நானே நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.