நூலுக்காக விட்ட இடைவெளி

என் எழுத்து என்று நீங்கள் கொண்டாடும் எழுத்து என்னுடையது அன்று. நான் அதைத் திருடினேன். திருடியதோடு நில்லாமல், அதற்கு உரியவளையே திருடியாக்கினேன்.

அதிர்ச்சியா? இருக்கட்டும். அதற்காக எனக்குக் கைத்திறன் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அறுபதுகளின் காஞ்சிபுரத்தில் என்னைப் போல் தூரிகை பிடித்தவன் எவனும் இல்லை. இதை இன்றும் நெஞ்சை நிமிர்த்தியே சொல்வேன். திருப்புட்குழியிலிருந்து சைக்கிளில் வந்து கடைப் பலகை எழுதியவன், சில ஆண்டுகளிலேயே சென்னைப் பதிப்பகங்களுக்குப் புத்தக அட்டை வரைந்தேன். கட்டங்களால் ஆன தடித்த எழுத்து; நீண்ட கோடு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு வெட்டு. பார்த்த மாத்திரத்தில் 'இது அவர் கை' என்பார்கள்.

அவர் கை...!

வசந்தா என்று ஒருத்தி. பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண். சேலையில் நெய்ய வேண்டியதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுப்பது அவள் வேலை. மணப்பெண்ணின் பெயரை முந்தானையில் நெய்து தரக் கேட்பவர்களுக்காக, தமிழ் எழுத்து அத்தனையும் அவளே கட்டங்களில் அமைத்து வைத்திருந்தாள். அவர்கள் வீட்டுத் தறிக்கூடத்துக்குப் பலகை எழுதப் போன அன்று அவற்றைப் பார்த்தேன். கால் நகரவில்லை. பொறாமை... வேறென்ன!

"இந்த வெட்டு எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"சரிகை ரொம்ப தூரம் பிடிப்பு இல்லாம ஓடினா வளையல்ல மாட்டி இழுத்துக்கும்ணா. அதான் நடுவுல ஒரு கட்டம் விட்டு நூலால அமுக்கிடறேன். வேணும்னா எடுத்துக்கினு போங்க. பார்த்துட்டு குடுத்துடுங்க."

கொடுக்கவில்லை.

காகிதத்தில் ஏது சரிகை? ஏது வளையல்? ஆயினும் அந்த வெட்டை அப்படியே வைத்தேன். அட்டையில் அது என்னமாய் எடுபட்டது! ஒரு விமர்சகர் அதை 'எழுத்து மூச்சு விடும் இடம்' என்று எழுதினார். அடுத்த கூட்டத்தில் நானும் அதையே சொன்னேன், நானே யோசித்துச் செய்தவன் போல.

அவளும் என் அட்டைகளைப் பார்த்திருக்கிறாள். 'நம்ம எழுத்து புஸ்தகத்துல வந்திருக்குதுப்பா' என்று தன் அப்பாவிடம் காட்டி மகிழ்ந்தாளாம். பின்னால் கேள்விப்பட்டேன்.

இதுவரை சொன்னது களவு. அதை நீங்கள் மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். இனிமேல்தான் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நெசவாளர் சங்கம் சேலை வடிவம் வரைய ஆள் எடுத்தது. தேர்வுக் குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். வசந்தா உள்ளே வந்தாள். அவள் அப்பா படுத்த படுக்கையாகி வீட்டுத் தறி நின்றுபோயிருந்தது. அந்த வேலையைத்தான் குடும்பமே நம்பியிருந்தது. எனக்கு அது தெரியும். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. தெரிந்த மனிதர் இருக்கிறார் என்ற தெம்பு! தன் தாள்களை மேசையில் பரப்பினாள்.

குழுத் தலைவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, சார் எழுத்தைக் காப்பி அடிச்சிக்கினு வந்து அவர் எதிர்லயே வைக்கிறியே!"

"காப்பி இல்லீங்க. இது நான் போட்டதுதான். அண்ணனுக்குத் தெரியும்... கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆம் என்று ஒரு சொல் போதும். ஒரே ஒரு சொல்!

"பொண்ணு நல்லா பழகியிருக்குது. ஆனா சொந்தமா யோசிக்கணும் இல்ல?" என்றேன்.

என் குரல் நடுங்கவில்லை. அது எப்படி என்பதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை. பெரிய மனிதத் தோரணையில், ஏதோ ஆசீர்வாதம் செய்பவன் போல் சொன்னேன்.

அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு, "சரிண்ணா" என்றாள். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதன்பின் அவள் எழுத்து வரையவே இல்லை. செவிலிமேட்டில் வாழ்க்கைப்பட்டு, யாரோ வரைந்ததை நெய்துகொண்டிருக்கிறாள்.

என் எழுத்தோ ஊரெங்கும் பரவியது. கல்யாணப் பத்திரிகை, தேர்தல் சுவரொட்டி, பாத்திரக்கடைப் பலகை... எங்கே திரும்பினாலும் அந்த வெட்டு! இளைஞர்கள் வந்து காலில் விழுகிறார்கள். வெட்கமாக இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது. பெருமையாகவும் இருக்கிறது. கட்டத்தாளில் கிடந்ததை நாடு பார்க்க வைத்தது என் கை அல்லவா? இப்படி எனக்கு நானே வாதாடுகிறேன்; ஒவ்வொரு முறையும் நானே வெல்கிறேன். வென்று என்ன பயன்? அந்த 'சரிண்ணா' காதைவிட்டுப் போவதாயில்லை.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. ஏன் தெரியுமா? வசந்தா என்பது அவள் பெயர் அன்று. செவிலிமேடும் அவள் ஊர் அன்று.

அவள் குடும்ப நலம் கருதி மாற்றினேன் என்று எழுத வந்தேன்... பொய்! உள்ளதைச் சொன்னால் நீங்கள் பேருந்து ஏறி அவளைத் தேடிப் போவீர்கள். ஒரு கட்டத்தாளை நீட்டுவீர்கள். அவள் வரைந்து காட்டிவிடுவாள்! அதன்பிறகு நான் யார்?

அவள் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுத மாட்டேன்.