ஆமென் வந்ததை அம்மாவுக்கு யார் சொல்வது

1991 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மண்ணூரில் எங்கள் வீட்டில் ஜெபம். பாஸ்டர் ஐயா இருந்தார். சபையிலிருந்து லீலா அக்காவும் இன்னும் சிலரும் இருந்தார்கள். அப்பா இருந்தார், நான் இருந்தேன். யாருடைய காதுக்காக அந்த ஜெபத்தை வைத்தோமோ, அந்த என் அம்மா மட்டும் அங்கே இல்லை. பின்பக்கம் குழாயடியில், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

வராததற்குக் காரணம் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியதும் அம்மாவுக்குக் காது மந்தமானது. பிறகு பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது என்றாகிவிட்டது. ஜெபம் என்றால் நாம் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறோம். அம்மாவும் மூடிக்கொள்வார். ஆனால் ஆமென் வந்தது அவருக்குத் தெரியாது. ஈஸ்டர் சமயத்தில் லீலா அக்கா வீட்டில் ஜெபம் முடிந்து, காப்பி கொடுத்து, பாதிப் பேர் குடித்தும் விட்டார்கள். அம்மா மட்டும் கண்ணை மூடி, கைகூப்பி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அம்மா கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். அதோடு ஜெபத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பிறகு ஐ.டி.ஐ. முடித்தேன். அதனால் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதும், டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்ததும் நான்தான். நரம்பு போய்விட்டது, மெஷின் வைத்தால் கொஞ்சம் உதவும் என்றார். கடன் வாங்கி மெஷின் வாங்கினோம். ரவிக்கையில் குத்திக்கொள்ளும் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். மற்றவர்கள் பேசுவது அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. குக்கர் விசிலும் லாரி ஹாரனும்தான் மண்டையில் இடித்தன. போதாததற்கு லீலா அக்கா வேறு அப்பாவிடம், “சுகம் குடுங்க ஆண்டவரேன்னு கேட்டுக்கினே மெஷினை மாட்டிக்கினா, அது இன்னா விசுவாசம் பிரதர்?” என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் மெஷின் அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்பா பாவம். ஒவ்வொன்றையும் கத்திச் சொல்ல வேண்டும். வாசலில் நின்றுகொண்டு, அடுப்பின் பக்கம் திரும்பியிருக்கும் அம்மாவின் முதுகைப் பார்த்துக் கத்துவார். பக்கத்து வீட்டு ராஜாத்தி அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “இன்னாண்ணா, ரோட்டுல போற பஸ்ஸையே நிறுத்திடுவ போல கீதே” என்பார். கடைசியில் அப்பா அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்புவார். அம்மாவுக்குச் சத்தம் கேட்காது, கோபமான முகம் மட்டும் தெரியும்.

“ஏன்யா மூஞ்ச அப்பிடி வச்சிக்கினு கீற? நான் இன்னா தப்பு பண்ணேன்?”

“தண்ணி கேட்டேன்மே, தண்ணி.”

“எப்பப் பாரு எரிஞ்சி வுழற.”

தண்ணீர் கேட்ட மனுஷன் தண்ணீர் குடிக்காமலே வெளியே போய்விடுவார். தினமும் இதே கதை.

கம்பெனி கேன்டீனில் வேலை செய்யும் அப்பா, ஆகஸ்டில் ஒரு போர்வையைச் சுருட்டிக்கொண்டார். “நான் கேன்டீன்லயே படுத்துக்கறேன்டா. வூட்டுக்கு வந்தா சண்டைதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அம்மா என்னிடம், “உங்கப்பாவுக்கு நான் வாணாம்டா” என்றார். இல்லை என்று சொல்ல எனக்கும் கத்தத்தான் வேண்டியிருந்தது. கத்தினால் அது ஆறுதலாகவா இருக்கும்?

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அன்று ஜெபித்தேன். அதை அப்படியே எழுதுகிறேன். “ஆண்டவரே, காதைத் திறங்க என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எனக்கு உங்கள் மேலேயே கோபம் வருகிறது. காது வேண்டாம். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும். அப்பா வீட்டில் வந்து படுக்கட்டும்.” அழகான ஜெபம் இல்லை. அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் நடத்த மறுபடியும் எங்கள் வீட்டு முறை வந்தது. அன்று நல்ல மழை. குழாயடியில் முழங்கால் தண்ணீர் நின்றதால் அம்மாவுக்கு ஒதுங்க இடமில்லை. சமையல் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டார். பாஸ்டர் ஐயா ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனார். என் மனம் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தேன். அம்மா கண்ணை மூடவே இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா முகமும் குனிந்திருந்தது. டீ கேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் கண்ணைத் திறந்து கேனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் புத்தி.

அந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே கம்பெனியில் நான் வேலை செய்யும் பிரஸ் ஷாப்புக்கு டீ கொண்டுவருவது அப்பாதான். அங்கே தகடு அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதும் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. அப்பா எதிரே வந்து, ஆள் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பார். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால், மெஷின் ஓடுகிறது, பொறு. இரண்டு கையையும் தட்டி உதறினால், நிறுத்தியாச்சு, வா. மீதியை வாயசைவிலேயே பேசி, கிண்டலும் அடித்துவிட்டுப் போவார்.

அம்மா அப்பாவைப் பார்த்து முகவாயைத் தூக்கினார், முடிஞ்சிடுச்சா என்று. அப்பா யோசிக்கவே இல்லை. உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அப்பா பாஸ்டரைக் காட்டினார், கேனைக் காட்டினார், உதட்டைப் பிதுக்கிச் சத்தமில்லாமல் ஏதோ சொன்னார். அம்மா சிரித்துவிட்டார். அவருக்குத்தான் தன் சத்தம் தெரியாதே, வீடே அதிர்ந்தது.

ஜெபம் நின்றது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

“இன்னா பிரதர் சொன்னீங்க?” என்றார் லீலா அக்கா.

அப்பா தலையைச் சொறிந்தார். “டீ ஆறிப்போவுது, பாஸ்டர் இன்னும் முடிக்கலன்னு சொன்னேன்.”

பாஸ்டர் ஐயாவும் சிரித்துவிட்டார். “அப்ப முடிச்சிடலாம்” என்றார்.

அப்பா எழுந்து போய் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தட்டி உதறினார். அம்மா எங்கள் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு அப்பா என்னிடம், “கம்பெனில ஒருத்தன்கிட்டயும் நான் கத்தனது இல்லடா. இங்க மட்டும் இன்னாத்துக்குக் கத்திக்கினு இருந்தேன்?” என்று கேட்டார். மறுநாள் போர்வை வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்பானவர்களே, அம்மாவின் காது திறக்கவில்லை. திறந்தது என்று சாட்சி சொல்ல மாட்டேன். பஸ்ஸில் நான் கேட்டதைக் கர்த்தர் செய்தார். சண்டை இன்னும் உண்டு, இப்போது அம்மாவும் கைஜாடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பாட்டு நேரத்தில் மட்டும் மெஷினை மாட்டிக்கொள்கிறார். ஜெபத்தில் லீலா அக்கா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமென் வந்ததும் அம்மாவின் முழங்காலைத் தட்டுகிறார். உங்களில் யாராவது ஜெபித்து ஜெபித்து அலுத்திருந்தால், அந்த அலுப்பையும் அவரிடமே சொல்லுங்கள். நான் சொன்னேன், அவர் என்னைத் தள்ளிவிடவில்லை.

எங்கள் வீட்டு விளக்கு மூலையில் இருந்தது. பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழாது, அம்மாவுக்கு வாயசைவு தெரியாது. அப்பா ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் ஒரு பல்பும் ஹோல்டரும் ஒயரும் வாங்கிவந்து, தான் உட்காரும் இடத்துக்கு நேரே மாட்டினார். கடன் வாங்கிய மெஷினால் ஆகாததற்கு, கடைசியில் எங்களுக்கு ஆன செலவு இருபத்தாறு ரூபாய்.