சாம்பல் குதிரைக்குக் குறைத்த ஒரு மார்க்

நடீன் கொவாரிக் சிரித்து நான் பார்த்தது மொத்தம் மூன்று தடவை. மூன்று தடவையும் யாரோ தப்பு செய்து அவளிடம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட பிறவி அவள்.

நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் எங்கள் ஊர்க் கால்நடை ஏலக் கொட்டகையில் பதினாறு வருஷமாக, விற்க வருகிற மாடு குதிரைகளைப் பார்த்துப் பதிந்துகொள்கிற மேசை உத்தியோகம் அவளுக்கு. அதே கொட்டகைச் சாப்பாட்டுக் கடை என் கையில். வியாழக்கிழமை ஏலத்தன்று பீன்ஸும் கறியும் போட்டுக் காரமாக ஒரு குழம்பு, தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை ரொட்டி. இதைத் தின்னத்தான் பாதிப் பேர் ஏலத்துக்கே வருகிறார்கள் என்று நான் பீற்றிக்கொள்வேன். நடீன் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு ஏழு, காரம் ஆறு, போன வாரம் நல்லாருந்துச்சு" என்பாள். எரிச்சல் மண்டும். ஆனால் அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கல்யாணம் ஆகவில்லை. ஏனென்று கேட்டால், "எவனும் மார்க் தேறல" என்பாள். குதிரையை இறக்கும்போதே வயசு சொல்வாள், எந்தக் காலில் நோவு என்று சொல்வாள். பொய் சொல்லி விற்க வருகிற பண்ணைக்காரன் எவனாக இருந்தாலும் அவள் மேசையைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் போவான். மரியாதை ஒன்றுமில்லை, பயம்.

இவளைப் போய் அந்த விளையாட்டில் இழுத்துவிட்டது நான்தான். என் நாக்கைத்தான் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் 'காற்றுவெளி' என்று ஒரு தளம். படம் கிடையாது, பொத்தான் அழுத்திக் குதிப்பது கிடையாது, வெறும் எழுத்து. ஆளுக்கொரு குதிரை. அதன் நிறம், குணம், பிறந்த கதை எல்லாம் எழுதி ஒரு பக்கம் போட வேண்டும். பிறகு அந்தக் குதிரையாகவே வாழ வேண்டியதுதான். பள்ளிக்கூடப் பெண்கள், நர்சுகள், புருஷன் பட்டாளத்துக்குப் போன பெண்கள், என்னைப் போல எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவர்கள் என்று எல்லாரும் பெண்கள்தான். பெட்டைக்கோ மேய்ச்சலுக்கோ இரண்டு ஆண் குதிரைகள் மோதினால், அவரவர் மூன்று முறை மாற்றி மாற்றி எழுதுவோம். 'கழுத்தைக் கடிக்கப் பாய்ந்தேன்' என்று எழுதலாம். 'கடித்தேன், அவன் விழுந்தான்' என்று எழுதக் கூடாது. எவ்வளவு அடிபட்டது என்று வாங்கினவள்தான் எழுத வேண்டும். கடைசியில் நடுவர் படித்துப் பார்த்து உண்மைத்தன்மை, உணர்ச்சி, நடை, அடி என்று நாலு கட்டத்தில் பத்துப் பத்து மார்க்குக்குத் தீர்ப்பு எழுதுவார். நடுவருக்கு ஒரே சட்டம்தான். பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மட்டும் தீர்ப்பு. எழுதாததைப் பார்க்கக் கூடாது.

நடுவர் இல்லாமல் தளம் தவித்துக்கொண்டிருந்தது. "குதிரையப் பத்தித் தெரிஞ்ச ஆளு ஒருத்தி இருக்கா" என்று நான்தான் சொல்லித் தொலைத்தேன். வந்த முதல் வாரமே ஒரு பெண்ணை அழவைத்துவிட்டாள். அந்தப் பெண் தன் குதிரை வயிற்றில் உதை வாங்கி ரத்த வாந்தி எடுத்ததாக உருக்கி உருக்கி எழுதியிருந்தாள். நடீன் தீர்ப்பு: 'குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உண்மைத்தன்மை பூஜ்யம்.'

"கொஞ்சம் பக்குவமா சொல்லக் கூடாதாடி? சின்னப் பொண்ணு" என்றேன்.

"நான் பக்குவமா சொன்னா குதிரை வாந்தி எடுத்துருமா?"

ஆனாலும் ஒரே வருஷத்தில் காற்றுவெளியில் நடீன் தீர்ப்பு என்றால் தீர்ப்புதான். தோற்றவள்கூட வாயைத் திறக்க மாட்டாள். ஏலம் இல்லாத மத்தியானங்களில் மேசைக் கணினியில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஏதோ கொலை வழக்கைப் படிப்பதுபோல் எங்கள் சண்டைகளைப் படிப்பாள். சொந்தமாக ஒரு குதிரை வைத்துக்கொள்ளேன் என்றால், "எனக்குக் கதை எழுத வராது" என்று முடித்துவிடுவாள்.

என் குதிரை பேர் சாம்பல். நிஜத்தில் அவன் பேர் பாஞ்சோ.

பாஞ்சோ என் குதிரை. சாம்பல் நிறம், வலது காது நுனியில் ஒரு கிழிசல். ஏலம் இல்லாத நாட்களில் அவன் மேல் ஏறித்தான் கடைக்கு வருவேன். பின்கதவுப் பக்கம் கட்டினால் நாள் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான், ரொட்டி ஓரம் வரும் என்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ஆப்பரேஷன் என்று கடையைப் பூட்டிக்கொண்டு பதினோரு நாள் ஓமாஹாவில் இருந்தேன். திரும்பி வந்தபோது லாயம் காலி. "வயோமிங்ல ஒரு குடும்பம் ஆசைப்பட்டுக் கேட்டாங்க. சின்னப் பசங்க இருக்கற வீடு. நல்லா வெச்சுப்பாங்க" என்றான் என் புருஷன் லைல். பத்து நாள் அவனோடு பேசவில்லை. பிறகு பேசினேன். வேறென்ன செய்ய? வயோமிங்கில் ஏதோ ஒரு குழந்தை அவனுக்கு ரொட்டி கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம்தான் காற்றுவெளியில் சாம்பலுக்குப் பக்கம் போட்டேன். காதுக் கிழிசல் முதற்கொண்டு எல்லாம் எழுதினேன். நிஜத்தில் அவன் காயடித்த குதிரை. விளையாட்டில் நாற்பது பெட்டைகளுக்குத் தலைவன். அட, எழுதுவதில் என்ன கஞ்சத்தனம்? ஆறு சண்டை போட்டான், ஆறிலும் ஜெயித்தான். ஆறுக்கும் தீர்ப்பு சொன்னது நடீன்தான்.

ஏழாவது சாவுச் சண்டை. தோற்றால் குதிரை செத்தது செத்ததுதான். தோற்றவளே மூன்று நாளுக்குள் அதன் சாவை எழுதிவிட வேண்டும். பக்கம் 'எலும்புக்காடு' என்ற பகுதிக்குப் போய்ப் பூட்டப்படும். எதிராளி ஃபின்லாந்துக்காரி ஒருத்தி, தளத்தில் அவள் பேர் விலோ. நன்றாக எழுதுகிறவள். வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கலாம். ஆறு ஜெயித்த திமிர், ஒப்புக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தீர்ப்பு வந்தது. விலோவுக்கு முப்பத்து மூன்றரை. எனக்கு முப்பத்து மூன்று. அடுப்பில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது, நான் திரையைப் பார்த்தபடி நின்றேன். அரை மார்க்கில் பாஞ்சோ இரண்டாம் தடவையும் போய்விட்டான். பிறகுதான் உண்மைத்தன்மைக் கட்டத்துக்குக் கீழே இருந்த குறிப்பைப் படித்தேன்: 'முட்டி வீங்கிய இடது பின்னங்காலில் முழு எடையையும் போட்டு அவனால் சுழல முடியாது. ஒரு மார்க் குறைப்பு.'

வீங்கிய முட்டியா? என் மூன்று பதிவையும் படித்தேன். விலோ குறிவைத்தது கழுத்தும் தோளும், காலைத் தொடவே இல்லை. சாம்பலின் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். எங்கேயும் வீக்கம் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில்தான். மகாராணி நடீன் கொவாரிக், எழுதாததைப் பார்த்து மார்க் குறைத்திருக்கிறாள்! முறையீடு போட்டால் அந்த ஒரு மார்க் திரும்பி வரும், நான் ஜெயித்துவிடுவேன். எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவள் மேசைக்கு ஓடினேன்.

"வாடி, மாட்டினியா! எங்கடி எழுதியிருக்கேன் வீங்கின முட்டின்னு? காட்டு பாப்போம். கண்ணாடியத் தொடச்சிப் போட்டுகிட்டுக் காட்டு!"

வாங்கிப் படித்தாள். வழக்கமாக இந்நேரம் பதிலுக்கு நாலு வார்த்தை சுட்டிருப்பாள். முகத்தில் ஈயாடவில்லை.

"தப்புதான். மாத்திடறேன். நீதான் ஜெயிச்சே. போய்க் கடையப் பாரு" என்றாள்.

பதினாறு வருஷத்தில் தப்பு என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"எந்தக் குதிரைக்குடி முட்டி வீங்கியிருந்துச்சு?"

"ஏதோ குதிரை. நாள் பூரா குதிரையத்தான் பாக்கறேன். கலந்துபோச்சு."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பார்க்கவில்லை. காகிதங்களை அடுக்கி ஓரம் சேர்த்தாள். மறுபடியும் சேர்த்தாள்.

"காதுல கிழிசல் இருந்துச்சு, வெல்டா" என்றாள்.

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"லைல்தான் கொண்டாந்தான். நீ ஊர்ல இல்ல. லாயக் கதவ உதைச்சு முட்டி பந்து மாதிரி வீங்கிக் கெடந்துச்சு. நொண்டிக்கிட்டேதான் வந்தான். ஏலம் கேட்டு யாருமே கை தூக்கல. கடைசில அந்த லாரிக்காரன் தூக்கினான்."

எந்த லாரிக்காரன் என்று நான் கேட்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொன்ன குதிரைகளை எடை போட்டு வாங்கித் தெற்கு எல்லைக்கு அப்பால் கறிக்கு வெட்டுகிற இடத்துக்கு ஓட்டுகிறவன் எங்கள் கொட்டகையில் ஒருத்தன்தான். வாரம் தவறாமல் என் கடையில்தான் சாப்பிடுவான். இரண்டாம் தடவை குழம்பு கேட்பான். ஊற்றியிருக்கிறேன், பாவி, இந்தக் கையால் ஊற்றியிருக்கிறேன்.

"உங்கிட்ட என் நம்பர் இருந்துச்சு" என்றேன்.

"இருந்துச்சு."

"உங்கிட்டக் கையும் இருந்துச்சுல்ல? நீ தூக்கியிருக்கலாமே!"

"மேசைல இருக்கறவங்க கை தூக்கக் கூடாது. கொட்டகைச் சட்டம்."

சட்டமாம்! அந்த மேசையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது.

"ரெண்டு வருஷமா என் குழம்புக்கு மார்க் போட்டியேடி. ஒரு நாளாவது வாயத் தொறக்கணும்னு தோணலியா?"

"நீ அவன எழுத ஆரம்பிச்சுட்டே" என்றாள். "அங்கயாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஆறு சண்டை ஜெயிச்சியே, அதுல மூணு நீ தோத்தது வெல்டா. மார்க்கக் கூட்டிப் போட்டேன். இந்தத் தடவையும் போடத்தான் ஒக்காந்தேன். அவன் இடது கால ஊனிச் சுத்தினான்னு நீ எழுதியிருந்தியா, அந்தக் காலு கண்ணு முன்னாடி வந்து நின்னுடுச்சு. கை தானா எழுதிடுச்சு."

ஊரே பயப்படுகிற நியாயவாதி. செத்த குதிரைக்கு மார்க் போட்டு ஜெயிக்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் எழுத்து நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று.

அன்று சாயங்காலம் சாப்பாட்டின்போது லைலிடம் கேட்டேன். "வயோமிங் குடும்பத்துக்குப் பேரு என்ன?"

அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "நொண்டிக் குதிரைக்கு எத்தன நாள் தீனி போடுறது? சொன்னா நீ அழுவேன்னுதான் சொல்லல."

"இப்ப அழறேனா?"

"இல்ல."

"அப்ப சொல்லியிருக்கலாம்ல!"

ஒரு பீர் டப்பாவை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் மை இல்லை.

மறுநாள் காலை முறையீட்டுப் பக்கத்தைத் திறந்தேன். ஒரே ஒரு வரி போதும். 'என் குதிரையின் இடது பின்னங்காலில் வீக்கம் எதுவும் கிடையாது.' அடித்தும் விட்டேன். அனுப்பினால் சாம்பல் பிழைப்பான். நாற்பது பெட்டைகளோடு மேய்வான். அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லைல் சொன்னதும் இதே மாதிரி ஒன்றுதான். அழித்தேன். நேராக நடீனிடம் போனேன்.

"மார்க்க மாத்தாத. அவன் தோத்துட்டான்."

"வெல்டா..."

"மூணு நாளுக்குள்ள சாவ எழுதணும். நான் எழுத மாட்டேன். நான் பாக்கல. நீதானே பாத்தே, நீ எழுது."

"எனக்கு எழுத வராதுடி. மார்க் போடத்தான் தெரியும்."

"வரும். எழுது."

வியாழக்கிழமை ஏலத்துக்கு அவள் சாப்பிட வரவில்லை. லாரிக்காரன் வந்தான். குழம்பு தீர்ந்துவிட்டது என்றேன். பின்னால் முழு அண்டா ஆவி பறக்க இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கெடு முடிகிற நேரத்துக்கு, சாம்பலின் பக்கத்தில் நடுவர் பெயரில் பதிவு வந்தது. நடீன் கொவாரிக் தன் வாழ்க்கையில் எழுதிய ஒரே கதை அதுதான்.

'இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் வந்தான். வளையத்துக்குள் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றினான். ஒருவன் கை தூக்கினான். வெளியே கூட்டிப்போகும்போது சாப்பாட்டுக் கடையின் பின்கதவுக்கு முன்னால் நின்றுவிட்டான். இழுத்தார்கள், நகரவில்லை. கதவு பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனாகவே லாரியில் ஏறினான்.'

அதற்குக் கீழே விலோ உடனே எழுதியிருந்தாள்: 'என்ன அழகான முடிவு! அழுதுவிட்டேன்.' இன்னும் பதினேழு பேர் அழுதிருந்தார்கள்.

பக்கத்தைப் பூட்டுவதற்கு முன்னால் நானும் கீழே நாலு கட்டம் போட்டேன். உண்மைத்தன்மை, பத்துக்குப் பத்து. மற்ற மூன்றையும் காலியாக விட்டேன்.