பங்களா ஏற்றமும் என் சைக்கிளும்

பெரிய கங்காணி பொய் சொன்னார். துரை பங்களாவைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். நான் இறங்காமல் போனேன் என்று அவர் துரையிடம் சொன்னது முழுப் பொய்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மாசி மாதம். ரப்பர் மரங்கள் பழைய இலையை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்த்திருந்தன. கணக்கப்பிள்ளை வேலையில் சேர்ந்தபின் வாங்கிய பழைய சைக்கிளில், கீழ் ரோட்டு வழியாகப் பெல்மதுளைக்குப் போனேன். காரியம் ஒன்றுமில்லை, சும்மாதான். இறக்கத்தில் கால்களை அகட்டிக்கொண்டு, வாயில் வந்ததைப் பாடினேன். சருகுகள் சக்கரத்தில் நொறுங்கின. சந்தியில் தேநீர்க்கடை வைத்திருந்த நானா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க தம்பி, சைக்கிளுக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தவா?"

"ஊத்துங்க நானா, சீனி கூடப் போடுங்க. என்னையச் சுமந்துக்கிட்டு வந்திருக்கு."

"அப்ப அதுக்குத்தான் முதல்ல. நீங்க நில்லுங்க."

சாயங்காலம் மேல் ரோட்டில் திரும்பினேன். ஏற்றத்தின் உச்சியில்தான் பங்களா இருக்கிறது. அந்த ஏற்றத்தில் எவனாலும் மிதிக்க முடியாது. நானும் அடியிலிருந்தே வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டுதான் போனேன். பங்களாவுக்கு நேரே சலாமும் வைத்தேன். மறுநாள் என் சைக்கிளைப் பிடுங்கி ஸ்டோரில் பூட்டினார்கள். இன்றுவரை அது என் கைக்கு வரவில்லை.

கணக்கப்பிள்ளை சைக்கிளில் போவதும் தான் நடப்பதும் கங்காணிக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளில் உட்காராமல் தள்ளிக்கொண்டு போனவன் அதிலிருந்து எப்படி இறங்குவான்? காலைப் பெரட்டில் வேலை பிரித்துக்கொடுக்க ஆள் கூடும் களத்தில், அத்தனை பேர் முன்னாலும் நின்று அவர் பதில் சொல்லட்டும்.