கடைசிப் பெட்டிக்கு ஒரு பச்சைக் கொடி

சரக்கு ரயிலின் வாலில் வருகிற சின்னப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, முன்னால் போகும் ஐம்பத்தெட்டுப் பெட்டிகளும் ஒழுங்காகப் போகின்றனவா என்று பார்ப்பதுதான் கார்டு வேலை. நாளெல்லாம் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன்களே, ஏ.டி.எம். காவலர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

ரயில் இல்லாத ஊர்

செஞ்சிக்கு ரயில் கிடையாது. டூட்டிக்கு விழுப்புரம்வரை பஸ்ஸில்தான் போவேன். அதனால் கடைத்தெருவில் என் உத்தியோகத்தை யாரும் நம்புவதில்லை. மளிகைக் கடைக்காரரிடம் ஒருநாள் விளக்கிச் சொன்னேன். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அளந்தபடியே கேட்டார்:

"ஓட்டறதும் இல்ல, டிக்கெட்டு கேக்கறதும் இல்ல. அப்ப இன்னாத்துக்குப்பா உன்ன ஏத்திக்கினு போறாங்க?"

டீ

எக்ஸ்பிரஸுக்கு வழிவிட எங்களை ஒதுக்கி நிறுத்தினால், இன்ஜின் ஸ்டேஷன் பக்கம் நிற்கும். என் பெட்டி முக்கால் கிலோமீட்டர் பின்னால், நெல் வயலுக்கு நடுவில். ஒருமுறை மூன்று மணி நேரம் அப்படிக் கிடந்தோம். பெட்டியை விட்டு நான் நகரக் கூடாது. வாக்கி டாக்கியில் டிரைவர் கூப்பிட்டார். அன்றைக்கு நான் கேட்ட ஒரே மனிதக் குரல்.

"டீ சூடா இருந்துச்சு சார். உங்களுக்கும் சேத்து நானே குடிச்சிட்டேன்."

நம்ம கேட்டுக்காரர்

திண்டிவனம் தாண்டி ஒரு ரயில்வே கேட். என் பெட்டி கடக்கும்போது கேட் கீப்பர் பச்சைக் கொடி காட்டுவார். வண்டியில் குறை இல்லை என்று அர்த்தம். நானும் பதிலுக்குக் காட்டுவேன். மொத்தம் நாலு விநாடி. ஆறு வருஷமாக இதை நட்பு என்றே நினைத்திருந்தேன். வீட்டில்கூட 'நம்ம கேட்டுக்காரர்' என்றுதான் சொல்வேன்.

ஒரு லீவு நாளில் அரைக் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு பைக்கில் அவரைப் பார்க்கப் போனேன். "நான்தான் கார்டு" என்று பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த கார்டு சார்? சக்கரத்துல புகை வருதா, எதுனா தொங்குதான்னு பாக்கவே நேரம் பத்தல. மூஞ்சிய எங்க பாக்கறது?"

மறுபடியும் அதே கேட்

செஞ்சி வந்து சேரும்வரை மனசு ஆறவில்லை. ஆறு வருஷமும் யாருக்குக் கொடி காட்டினேன் என்று வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் அந்தக் கேட் வந்தபோது கடமைக்குக் கொடியை நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழேயிருந்து ஒரு சத்தம். பார்த்தால், கொடியைப் பிடித்தபடி என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு கூடவே நாலு எட்டு ஓடி வருகிறார்.

"சார், நீங்கதானா? மிக்சர்ல காரம் ஜாஸ்தி சார்!"

ஐம்பத்தெட்டுப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்று இன்னொரு ஆளுக்குத் தெரிய, ஆறு வருஷமும் அரைக் கிலோ மிக்சரும் ஆகிறது.