பிள்ளைக்கு விஷமம்

மனோதத்துவம் படித்தவள் பஸ்ஸில் ஏறினால் போதும், பக்கத்து சீட்டுக்காரர் “இப்ப நான் என்ன நினைக்கிறேன், சொல்லுங்க” என்று கேட்காமல் இறங்க மாட்டார். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கும் இது பழகியிருக்கும். அடுத்தவர் நினைப்பது தெரியாமல்தானே நாலு சித்தாந்தங்களைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

நட்சத்திர அட்டை

தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு அருகே ஒரு கிளினிக்கில் ஆலோசகராக இருந்தேன். அரிசி மண்டியில் வேலை பார்க்கும் வள்ளியூர்க்காரர் முருகேசன், எட்டு வயது மகள் செல்வியைக் கூட்டி வந்தார். அம்மா வீட்டு வேலைக்குக் கல்ஃப் போய் நாலு மாதம். பிள்ளைக்கு விஷமம் ஜாஸ்தி என்று டீச்சர் சொன்னாராம். திருந்தாவிட்டால் நாகர்கோவில் ஹாஸ்டல்தான் என்றார்.

அப்போது நான் நடத்தைவாதத்தின் பரம பக்தை. பரிசு கொடுத்தால் நல்ல பழக்கம் வளரும் அல்லவா? குறும்பு செய்யாத நாளுக்கு ஒரு நட்சத்திரம் என்று அட்டை கொடுத்தேன். மறுவாரமே அட்டை நிறைந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. செல்விதான் கேட்டாள்: “நான் எப்பவும் சும்மாதானே இருக்கேன் ஆன்ட்டி, அதுக்கு எதுக்கு ஸ்டார்?”

கதவில்லாத வீடு

எங்கள் பெரிய டாக்டர் உளப்பகுப்பாய்வுக் கட்சி. குறும்பு என்பது ஆழ்மனதில் அமுங்கிய கோபம், வீடு வரையச் சொல்லிப் பாருங்கள் என்றார். வரைந்தாள். வீட்டுக்குக் கதவே இல்லை. அரை மணி நேரம் டாக்டரும் நானும் அந்தக் கதவை ஆராய்ந்தோம். கடைசியில் செல்வி மெதுவாகச் சொன்னாள்: “கதவு பின்னாடி இருக்கு. நீங்க கேக்கவே இல்லையே.”

டீச்சர் சொன்னது

எண்ணத்தைத் திருத்தும் முறையும் மனிதநேய முறையும் பாக்கி இருந்தன. அதற்கு முன் பள்ளிக்கூடம் போய், அப்படி என்னதான் குறும்பு செய்கிறாள் என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் விழித்தார். பிள்ளை வாயே திறப்பதில்லையாம். “அம்ம போயதின்றெ விஷமம். அதல்லே ஞான் பறஞ்ஞது?”

முருகேசன் கேட்டது

மலையாளத்தில் விஷமம் என்றால் துக்கம்; நல்ல விஷமம் என்றால் ரொம்பத் துக்கம். அம்மா போன துக்கத்தைத்தான் டீச்சர் சொல்லியிருக்கிறார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் தினமும் கேட்கிற சொல். முருகேசன் தமிழ் பேசியதால் தமிழாகவே எடுத்துக்கொண்டேன். அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

முருகேசன் மகளோடு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் மண்டிக்கு அம்மாவின் போன் வரும்போது, தண்டனையாக மகளைப் பேசவிடாமல் வைத்திருந்தாராம். பிறகு அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, “மக்ளே, உனக்கு விஷமமா?” என்று கேட்டார். நாலு மாதத்தில் முதல்முறையாகச் செல்வி உடைந்து அழுதாள். நானும்தான். நாகர்கோவில் பேச்சு அதோடு நின்றது. அழுகைக்கு நடுவே அவள் சொன்னது இவ்வளவுதான்: “நல்ல விஷமம்ப்பா.”

இப்போதெல்லாம் யார் என்ன சொன்னாலும், எந்தச் சித்தாந்தத்தையும் தொடுவதற்கு முன் ‘அது எந்த பாஷையில?’ என்று கேட்டுவிடுகிறேன்.